பால் இல்லாத ஐஸ்கிரீம்: எந்த டப்பாவை எடுப்பது?

பால் ஒத்துக்கொள்ளாதவர், கொள்கைக்காகப் பாலை விட்டவர், பால் ஒவ்வாமை உள்ள குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர். மூன்று பேரும் கடையின் ஃப்ரீசர் முன்னால் ஒரே குழப்பத்தோடுதான் நிற்கிறார்கள். தேங்காய்ப்பால், ஓட்ஸ், பாதாம், முந்திரி, சோயா, பட்டாணிப் புரதம் என்று வகை வகையாக இருக்கிறது. போதாக்குறைக்கு 'லாக்டோஸ் இல்லாதது' என்று எழுதிய நிஜப் பால் ஐஸ்கிரீமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மூடியில் எழுதியிருப்பதை நம்பினால் எல்லாமே அசல் சுவைதான். சின்ன வயதில் சாப்பிட்ட வெனிலாவை மனதில் வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றை எடுத்து, ஒரு கரண்டி வாயில் போட்டு, 'சே, இது அது இல்லை' என்று மூடி வைத்துவிடுபவர்கள்தான் அதிகம்.

அது இல்லைதான். ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேர்வு அவ்வளவு கஷ்டமில்லை. நானும் பால் குடித்தால் வயிறு இரைகிற கட்சிதான். இந்த வகைகளில் பெரும்பாலானவற்றை வாங்கியோ வீட்டில் செய்தோ பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீசர் முன் நிற்பவர்களில் நிறைய பேருக்கு இந்த மாற்று தேவையே இல்லை. நிஜமாகத் தேவைப்படுபவர்கள் வெனிலாவில் தொடங்கக் கூடாது.

பாலை எதற்காக விடுகிறீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் டப்பாவைத் தொடாதீர்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. பேச்சில் இரண்டையும் 'பால் சேராது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதனால் வாங்கும்போது குழப்பம் வருகிறது.

லாக்டோஸ் என்பது பாலில் சுமார் 5 சதவீதம் இருக்கும் சர்க்கரை. அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் சுரக்க வேண்டும். கைக்குழந்தையில் தாராளமாகச் சுரப்பது, வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இப்படித்தான். சின்ன வயதில் கப் கப்பாகச் சாப்பிட்ட ஐஸ்கிரீம் முப்பது வயதுக்கு மேல் வயிற்றைப் புரட்டுவதற்கு இதுதான் காரணம். ஐஸ்கிரீமில் ஒன்றும் கலப்படம் வந்துவிடவில்லை. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியா அதைத் தின்று வாயுவை உண்டாக்குகிறது. உப்புசம், வலி, ஓட்டம் எல்லாம் அப்புறம் வருபவை.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. இந்தப் பிரச்சினை உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒரே வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள். கிட்டத்தட்ட 250 மில்லி பாலில் இருக்கும் அளவு அது. 100 கிராம் ஐஸ்கிரீமில் இருப்பது ஏறத்தாழ 5 அல்லது 6 கிராம்தான். அதோடு, கொழுப்பு வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பதால் லாக்டோஸ் குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போய்ச் சேர்கிறது. ஆக, ஒரு சின்ன ஸ்கூப்புக்காகப் பயந்து ஐஸ்கிரீமையே தலைமுழுக வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால், மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் எளிய பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு ஸ்கூப் வேண்டும் என்பவருக்கு லாக்டோஸ் இல்லாத பால் ஐஸ்கிரீம் இருக்கிறது. அதே பாலில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து, லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள். கொழுப்பும் புரதமும் அப்படியே இருக்கும். சுவையில் மாறுவது இரண்டே விஷயம். உடைந்த சர்க்கரை லாக்டோஸை விட இனிப்பு, அதனால் ஒரு சுற்று தித்திப்பு கூடத் தெரியும். ஒரு மூலக்கூறு இரண்டாவதால் உறைநிலையும் இறங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கரண்டி சுலபமாக இறங்குகிற அளவுக்கு மென்மையாக இருக்கும். ஒரு லாபமும் உண்டு. பழைய பால் ஐஸ்கிரீமில் சில சமயம் மணல் மாதிரி நாக்கில் நெருடுமே, அது லாக்டோஸ் படிகமாவதால் வருவது. இதில் அந்தத் தொல்லை கிடையாது.

லாக்டேஸ் சொட்டு மருந்து கிடைத்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். பாலில் விட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் ஐஸ்கிரீம் செய்ய வேண்டியதுதான். மாத்திரையாகவும் கிடைக்கிறது. அதை முதல் வாய் ஐஸ்கிரீமோடு போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பிரயோஜனம் இல்லை.

பிரச்சினை லாக்டோஸ் மட்டும் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிட்டது. சும்மா ஆசைக்கு மேலே படிக்கலாம்.

பால் ஒவ்வாமை என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே எதிர்ப்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு. கேசீன், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற பால் புரதங்கள்தான் அதற்கு எதிரி. துளி அளவே சிலருக்கு ஆபத்து. இவர்களுக்கு லாக்டோஸ் இல்லாத பால் ஐஸ்கிரீம் கூடவே கூடாது, புரதம் அதில் முழுசாக இருக்கிறது. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதிய டப்பாவையும் நம்பக் கூடாது. அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் இருக்கும், பால் பவுடர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பல நாடுகளில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருந்தால்தான் ஐஸ்கிரீம் என்று எழுத முடியும் என்பதால் வந்த பெயர் அது. 'நான் டெய்ரி' என்ற சொல்லும் அப்படித்தான்: பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் இருந்தால் அதுவும் பால்தான். முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்கத்தைப் படியுங்கள். கடையில் ஸ்கூப் போட்டுத் தருவதை வாங்கினால், அந்தக் கரண்டி எந்தத் தொட்டியில் எல்லாம் முங்கி எழுந்தது என்றும் பாருங்கள்.

ஐஸ்கிரீமுக்குள் பால் என்ன செய்கிறது?

ஐஸ்கிரீம் என்பது பனிப் படிகம், காற்றுக் குமிழ், கொழுப்பு, உறையாத சர்க்கரைப் பாகு ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டணி. ஃப்ரீசரில் இருக்கும்போதுகூடத் தண்ணீரில் கால் பங்கு அளவு உறையாமல் பாகாகவே இருக்கும். அதனால்தான் கரண்டி இறங்குகிறது. படிகங்கள் 50 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு, குறைவாக இருக்கும்வரை நாக்குக்கு வழவழப்பு, அதைத் தாண்டினால் நறநறப்பு. காற்று எவ்வளவு என்பது கம்பெனியைப் பொறுத்தது. மலிவான டப்பாவில் கலவைக்குச் சமமான அளவு காற்றே இருக்கலாம். அதனால்தான் அதே அளவு டப்பா கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது.

இதில் பால் கொழுப்பின் பங்கு பெரிது. அதில் 400க்கு மேற்பட்ட கொழுப்பு அமிலங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் உருகுவதால் குளிரிலும் கொஞ்சம் திரவமாக, கொஞ்சம் திடமாக இருக்கும். கடையும்போது இந்த அரைகுறை நிலையில் உள்ள கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு, காற்றுக் குமிழ்களைச் சுற்றி வேலி கட்டிவிடுகின்றன. வாயில் போட்டதும் எல்லாம் ஒரே நொடியில் கரையாமல் படிப்படியாகக் கரையும். புரதம் குமிழைத் தாங்குகிறது. பால் கொழுப்பில் லாக்டோன் என்ற வாசனைப் பொருட்களும் இருக்கின்றன. 'பால் வாசம்' என்று நாம் சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவையும் ஒரு தாவரம் தனியாகச் செய்துவிட முடியாது. எந்த மாற்று எந்த வேலையைச் செய்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

தேங்காய்ப்பால்

கொழுப்பில் குறை வைக்காத ஒரே தாவரப் பால் இதுதான் என்று சொல்லலாம். டின்னில் வரும் கெட்டித் தேங்காய்ப்பாலில் 17 முதல் 22 சதவீதம்வரை கொழுப்பு இருக்கும். பால் வாசத்துக்குக் காரணமான அதே லாக்டோன் குடும்பத்தைச் சேர்ந்தவை தேங்காயிலும் உண்டு, எனவே 'கிரீமி' என்ற உணர்வு இயல்பாகவே வருகிறது. அடர்த்தியாக, கனமாக, வாய் நிறைய இருக்கும் ஐஸ்கிரீம் வேண்டும் என்பவருக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

குறை என்னவென்றால், தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரேயடியாக உருகிவிடும், அதற்குக் கீழே ஒரேயடியாக இறுகிவிடும். பால் கொழுப்பின் நிதானம் அதற்கு இல்லை. முதல் கரண்டி அருமையாகக் கரையும். நான்காவது, ஐந்தாவது கரண்டிக்குள் வாய் குளிர்ந்துவிடும், அப்போது கவனியுங்கள்: மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் ஒட்டும். நாக்கால் தடவினால் வழுக்கும். தண்ணீர் குடித்தால் போகாது, வெந்நீர் ஒரு வாய் குடித்தால் சட்டென்று போய்விடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைச் சமாளிக்கக் கொஞ்சம் திரவ எண்ணெயைக் கலக்கிறார்கள். பட்டியலில் தேங்காயோடு சூரியகாந்தி எண்ணெயும் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது ஒரு காரணத்தோடுதான் இருக்கிறது.

இன்னொன்று, தேங்காய் வாசம் ஒளியாது. வெனிலா போட்டால் தேங்காய் வெனிலா, ஸ்ட்ராபெரி போட்டால் தேங்காய் ஸ்ட்ராபெரி. மாம்பழம், அன்னாசி, சாக்லேட் என்றால் அந்த வாசம் ஒரு பலம். சின்ன வயது வெனிலாவைத் தேடுபவருக்கு அதுவே தடை.

'பால் இல்லை, அதனால் உடம்புக்கு நல்லது' என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 60 முதல் 65 சதவீதம், தேங்காய்க் கொழுப்பில் 85 முதல் 90. இதய மருத்துவர் சொல்லிப் பாலை விட்டவர் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமுக்கு மாறுவது, வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிற கதைதான். சர்க்கரை எந்த வகையிலும் குறைவதில்லை.

ஓட்ஸ்

இப்போது கடைகளில் வேகமாக இடம் பிடித்து வருவது இது. ஓட்ஸ் பானத்தை உருவாக்கியவர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிக்கார்ட் ஓஸ்தே என்ற ஆராய்ச்சியாளர், 1990களின் தொடக்கத்தில். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியே லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களைப் பற்றியதுதான். ஓட்ஸை அரைத்துத் தண்ணீரில் கரைத்தால் பசைக் கஞ்சிதான் வரும். அமைலேஸ் நொதி சேர்த்து ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்தால் குடிக்கிற பதத்துக்கு வருகிறது, சர்க்கரை போடாமலேயே லேசாக இனிக்கவும் செய்கிறது.

ஐஸ்கிரீமுக்கு இது ஏன் பொருந்துகிறது? ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. அது பாகைக் கெட்டியாக்கி, கொழுப்பு இருப்பதுபோன்ற வழவழப்பைத் தருகிறது. சுவையும் அடக்கமானது; தானியத்தை லேசாக வறுத்த வாசம், அவ்வளவுதான். தேங்காய் மாதிரி முன்னால் வந்து நிற்காது. அதனால் வெனிலாவைத் தாங்கும் தாவர வகை எது என்று என்னைக் கேட்டால் ஓட்ஸைத்தான் காட்டுவேன். காபி, கேரமல் என்றால் இன்னும் நன்றாக இருக்கும், அந்த வறுத்த வாசம் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

ஓட்ஸில் தானாகக் கொழுப்பு அதிகம் இல்லை. அதனால் ஐஸ்கிரீம் செய்பவர்கள் தேங்காய் எண்ணெயோ கனோலா எண்ணெயோ சேர்த்தே ஆக வேண்டும். ஓட்ஸ் ஐஸ்கிரீம் என்று வாங்கி, அண்ணத்தில் அதே மெழுகுப் படலம் ஒட்டினால் காரணம் இதுதான். நிறமும் கொஞ்சம் மங்கல், வெள்ளை வெளேரென்று இருக்காது. மால்டோஸ் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் இதை ஆரோக்கியப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஆகாதவர்கள், 'குளூட்டன் இல்லாதது' என்று குறிப்பிட்ட ஓட்ஸா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமை ஓடிய அதே இயந்திரங்களில்தான் ஓடுகிறது.

சோயா, பாதாம் மற்றும் சில

சோயா இந்த வரிசையில் மூத்தது. நியூயார்க்கில் உணவகம் நடத்திய டேவிட் மின்ட்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே 'டோஃபுட்டி' என்ற பெயரில் சோயா ஐஸ்கிரீம் விற்றார். புரதத்தில் பாலுக்கு மிக அருகில் இருப்பது சோயாப் பால்தான், 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல். காற்றை நன்றாகப் பிடிக்கும், நிதானமாக உருகும். கட்டமைப்பை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் சோயாவுக்குத்தான் முதல் இடம்.

ஆனால் வேகாத பயறின் பச்சை வாசம் ஒன்று இருக்கிறதே! சோயாவை அரைக்கும்போது லிப்பாக்ஸிஜனேஸ் என்ற நொதி கொழுப்பைத் தாக்கி ஹெக்ஸனால் போன்ற பொருட்களை உண்டாக்குகிறது. பச்சைப் புல்லை நசுக்கினால் வரும் வாசம் அது. சூடாக்கி நொதியை அடக்கலாம், முழுக்கப் போக்குவது கஷ்டம். குளிரில் வாசம் மங்கும் என்பதால் முதல் கரண்டியில் தெரியாது. உருக உருக வெளியே வரும். கோகோ போட்டால் அடங்கிவிடும். எனவே சோயா என்றால் சாக்லேட் மட்டும், என் சிபாரிசு அவ்வளவே. பட்டாணிப் புரத ஐஸ்கிரீமுக்கும் இதே கதை, கூடவே லேசான கசப்பு.

பாதாமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் பாதாம் பாலில் பாதாம் என்பது பெரும்பாலும் சில சதவீதம்தான், மீதி தண்ணீர். அதை உறைய வைத்தால் தண்ணீர் பனியாகத்தானே ஆகும். கம்பெனிகள் கோந்துகளைச் சேர்த்துச் சமாளிக்கின்றன. கொஞ்சம் நேரம் தட்டில் வைத்தால் ஓரத்தில் தெளிந்த பாகு கசிந்து நிற்பதைப் பார்க்கலாம். பாதாம் சுவையே வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும்.

கோந்து என்றதும் சிலர் பதறுவார்கள். குவார் கம், லோகஸ்ட் பீன் கம், காரஜீனன் என்று பட்டியலில் பார்ப்பதெல்லாம் விதையிலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் எடுப்பவை. பனிப் படிகம் பெரிதாவதைத் தடுப்பது அவற்றின் வேலை. பால் ஐஸ்கிரீமிலும் இருக்கின்றன. தாவர வகையில் அவை இல்லையென்றால் ஒரே வாரத்தில் டப்பா முழுக்கப் பனிக்கட்டிதான்.

உறைந்த வாழைப்பழத்தை மிக்ஸியில் அடித்தால் ஐஸ்கிரீம் ஆகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. ஆகிறது, உண்மைதான். வாழைப்பழத்தின் பெக்டின் அந்தக் குழைவைத் தருகிறது. நன்றாகக் கனிந்த பழமாக இருக்க வேண்டும், அடித்த உடனே சாப்பிட வேண்டும், எந்த ருசி சேர்த்தாலும் கடைசியில் வாழைப்பழமாகத்தான் இருக்கும். பழச்சாற்றில் செய்யும் சார்பே நல்ல பண்டம், ஆனால் ஐஸ்கிரீமுக்கு மாற்று என்று அதைக் கொடுத்தால் குழந்தைகூட ஒத்துக்கொள்ளாது. கொழுப்பே இல்லையே.

முந்திரி: வீட்டில் செய்வதானால்

கடை டப்பாக்களை விட எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. பாதாமிலிருந்து முந்திரி இரண்டு விதத்தில் வேறுபடுகிறது. ஊறிய முந்திரி மாவாக அரைபடும், வடிகட்டிச் சக்கையை எறிய வேண்டியதில்லை. அப்புறம், முந்திரியில் ஸ்டார்ச் இருக்கிறது. கலவையைச் சூடாக்கினால் அது வெந்து, கஸ்டர்டு மாதிரி கெட்டிப்படும். தனியாகக் கோந்து வேண்டாம்.

150 கிராம் முந்திரியை நான்கு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, 400 மில்லி புதுத் தண்ணீர், 120 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். இந்த அளவுகளைச் சும்மா சொல்லவில்லை. முந்திரியில் சுமார் 44 சதவீதம் கொழுப்பு என்பதால் கலவையில் கொழுப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் வருகிறது, சர்க்கரை 18 சதவீதம், மொத்தத் திடப்பொருள் 40 சதவீதம். சாதாரணப் பால் ஐஸ்கிரீமின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். சர்க்கரையைக் குறைக்க ஆசை வரும். குறைத்தால் இனிப்பு மட்டும் குறையாது, உறையாத பாகும் குறைந்து ஐஸ்கிரீம் கல்லாகிவிடும்.

அரைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நெருடல் துளிகூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் இன்னொரு சுற்று. பிறகு அடுப்பில் சிறு தீயில் கிளறிக்கொண்டே, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் பதம் வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெனிலாவை ஆறிய பிறகு சேர்ப்பது நல்லது, சூட்டில் வாசம் பறந்துவிடும். ஐஸ்கிரீம் மிஷின் இருந்தால் அதில் விடலாம். இல்லையென்றால் அகலமான தட்டையான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை எடுத்து ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக நன்றாகக் கிளற வேண்டும். மிஷினில் செய்த அளவுக்குக் காற்று பிடிக்காது. கனமாக, மெதுவாகக் கரையும் ரகம் கிடைக்கும். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாடு இல்லாத பால் புரதம்

எல்லாவற்றிலும் புதியது இதுதான். மாட்டின் பீட்டா லாக்டோகுளோபுலின் புரதத்துக்கான மரபணுவை ஒரு பூஞ்சைக்குள் வைத்து, அதைப் பீர் தொழிற்சாலையில் இருப்பதுபோன்ற பெரிய கலன்களில் வளர்த்தால், பூஞ்சை அந்தப் புரதத்தைச் சுரக்கும். வடித்து உலர்த்தினால் வே புரோட்டீன், அதாவது பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதம். மாடு இல்லை, லாக்டோஸ் இல்லை, ஆனால் புரதம் அச்சு அசல் அதேதான். ரியான் பாண்டியா, பெருமாள் காந்தி என்ற இருவர் 2014-ல் தொடங்கிய பெர்ஃபெக்ட் டே நிறுவனம் 2019-ல் இந்தப் புரதத்தில் செய்த ஐஸ்கிரீமை முதன்முதலில் குறைந்த அளவில் விற்றது.

காற்றைப் பிடிப்பதிலும் குழைவிலும் தாவரப் புரதங்களை விட இது பாலுக்கு நெருக்கம். ஆனால் கொழுப்பு இன்னும் தாவர எண்ணெய்தான். பால் வாசம் பாதிதான் வரும். யாருக்கு இது பொருந்தும் என்று யோசித்தால் விலங்குகளுக்காகப் பாலை விட்டவர்களுக்கு. ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. 'மாடு இல்லாதது' என்ற எழுத்தைப் பார்த்து, பால் புரதமே இல்லை என்று நினைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும் அபாயம் நிஜமானது. எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இப்போதைக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

சரி, எதை எடுப்பது?

லாக்டோஸ் பிரச்சினைக்காரர்கள்: லாக்டோஸ் நீக்கிய பால் ஐஸ்கிரீம். யோசிக்கவே வேண்டாம்.

ஒவ்வாமைக் குழந்தைக்கு நான் ஓட்ஸைத்தான் முதலில் வாங்குவேன், பால் ஓடாத தனி இயந்திரத்தில் செய்ததாக உறுதி இருந்தால் மட்டும். சோயாவும் கொட்டைகளும் தாமே ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் அந்தக் குழந்தைக்கு வேறு என்னென்ன ஆகாது என்று தெரியும்வரை அவற்றை ஒதுக்கி வைக்கலாம். குழந்தை பாலிலிருந்து பெற வேண்டிய கால்சியமும் புரதமும் இந்த டப்பாக்களில் இருந்து வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தேங்காயில் புரதம் மிகக் குறைவு, கால்சியம் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. ஒரு விஷயத்தில் குழந்தைகள் பாடு சுலபம். பழைய வெனிலா ஞாபகம் அவர்களுக்குக் கிடையாது, எதையும் எதோடும் ஒப்பிட மாட்டார்கள்.

பாலைக் கொள்கைக்காக விட்ட பெரியவர்களுக்குத்தான் நிஜமான தேர்வு இருக்கிறது. இங்கே தாவரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ருசியைத் தேர்ந்தெடுங்கள். வெனிலா ஐஸ்கிரீம் என்பது கிட்டத்தட்ட நிர்வாணமான பால். மறைக்க எதுவும் இல்லாததால் எந்த மாற்றும் அதில் மாட்டிக்கொள்ளும். வெனிலாவுக்கு வாசம் தரும் வெனிலின் என்ற பொருள் கொழுப்பில் நன்றாகக் கரைவது வேறு. கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீமில் அது பிடிமானம் இல்லாமல் முதல் நொடியிலேயே மூக்குக்குப் போய் முடிந்துவிடும். பாலில் இருக்கும் அந்த நீண்ட பின்சுவை வராது. சாக்லேட், காபி, பழம் போன்றவை தாங்களே உரத்த குரலில் பேசுபவை. அடியில் என்ன பால் என்பதை அவை கேட்க விடாது.

ஆகவே சாக்லேட் என்றால் தேங்காய், வாய் நிறையும். காபியும் கேரமலும் ஓட்ஸில். பழ வகைகளில் அன்னாசி, மாம்பழம் தேங்காய்க்கும், பெரி வகைகள் ஓட்ஸுக்கும் போகும். வெனிலாதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் வீட்டு முந்திரி, அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஓட்ஸ். கடை பாதாமையும் பட்டாணியையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை சாப்பிடும்போது பால் ஐஸ்கிரீமைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். எந்த மாற்றும் அந்தப் பரீட்சையில் தோற்கும். தாவர ஐஸ்கிரீம்கள், குறிப்பாகத் தேங்காய், ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே கட்டையாக, வாசமில்லாமல் இருக்கும். பத்து நிமிடம் வெளியே வைத்து, ஓரம் லேசாகப் பளபளக்கத் தொடங்கும்போது சாப்பிடுங்கள். மிச்சத்தை மூடும்போது மேல்பரப்பைச் சமப்படுத்தி, ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் அழுத்தி, ஃப்ரீசரின் உள்பக்கம் தள்ளி வையுங்கள். கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உருகி உறைந்து படிகம் பெரிதாகும். தாவர வகைகள் அதைப் பால் ஐஸ்கிரீம் அளவுக்குத் தாங்காது.